அத்தை மகனைக் கட்டினால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு?

உங்களுக்கு 26 வயது, தை மாதம் அத்தை மகனுடன் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவும் பாட்டியுமே உறவுக்குள் கட்டியவர்கள். மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, ஆனாலும் நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். வேலையிடத்தில் "சொந்தத்துல கட்டினா பிள்ளை குறையோடதான் பிறக்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். வீட்டில் "நாலு தலைமுறையா இப்படித்தான் கட்டிக்கிட்டிருக்கோம், எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டால் போதுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். சொந்தத்தில் கட்டுவது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை நீங்கள் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் இருவருக்கும் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு, அதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வழியுண்டா என்பதுதான் கேள்வி. குழந்தை மருத்துவம் படித்து, பிறகு மரபியல் ஆலோசனைக்கு வந்து, பல ஆண்டுகளாக உங்களைப் போன்ற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிவருபவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், வேலையிடத்தில் சொல்வதும் மிகை, வீட்டில் சொல்வதும் மிகை. ஆனால் உங்கள் குடும்பத்தில் பொதுக் கணக்கைவிட முக்கியமான ஒரு தடயம் இருக்கிறது. அது மாப்பிள்ளையின் அக்கா.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பல மரபணுக்களில் ஒரு பிரதி பழுதானாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப் பழுதை வெளியே தெரியாமல் சுமப்பவரை கேரியர் என்கிறோம். நான், நீங்கள், உங்கள் வேலையிடத்துத் தோழிகள், எல்லோரும் இப்படி ஒன்றிரண்டு பழுதுகளையாவது சுமக்கிறோம். கணவன், மனைவி இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது இருந்தால்தான் சிக்கல். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இரண்டுமே பழுதான பிரதிகள் போய்ச்சேர 4-ல் 1 வாய்ப்பு. அந்நியர் இருவருக்கு ஒரே மரபணுவில் பழுது பொருந்துவது அபூர்வம். உங்களுக்கும் அத்தை மகனுக்கும் தாத்தா பாட்டி ஒன்று என்பதால், அவர்களிடமிருந்த பழுது இரண்டு வழியாகவும் இறங்கி வந்து குழந்தையிடம் சேர வழியிருக்கிறது.

அந்த வழியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தாத்தாவிடம் ஒரு மரபணுவில் ஒரு பழுது இருந்தது என்று வையுங்கள். அது உங்கள் அப்பாவுக்கு வர பாதி வாய்ப்பு, அவரிடமிருந்து உங்களுக்கு வர மறுபடி பாதி. ஆக 4-ல் 1. அதேபோல அத்தை வழியாக மாப்பிள்ளைக்கு 4-ல் 1. இருவரிடமும் இருக்க 16-ல் 1. இருந்தால் குழந்தைக்கு நோய் வர 4-ல் 1. மொத்தத்தில் 64-ல் 1. பாட்டியிடமும் இப்படி ஒன்று இருந்திருக்கும் என்று கொண்டால் 32-ல் 1, அதாவது சுமார் 3 சதவீதம். காகிதத்தில் போட்ட இந்தக் கணக்குக்கும் மருத்துவமனைகளில் கண்டதற்கும் அதிக தூரமில்லை. உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளிலேயே 100-க்கு 2 முதல் 3 பேருக்குப் பிறவியில் ஏதாவது பெரிய குறை இருக்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அதற்கு மேல் 1.7 முதல் 2.8 சதவீதம் கூடும் என்று அமெரிக்க மரபியல் ஆலோசகர்கள் சங்கத்துக்காக 2002-ல் தொகுக்கப்பட்ட அறிக்கை சொன்னது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில் இந்த வழக்கம் அதிகம். அங்கே 11,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், பிறவிக் குறை 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக, ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. வறுமைதான் காரணமோ என்றும் அலசினார்கள். இந்தக் கூடுதலை வறுமையைக் கொண்டு விளக்க முடியவில்லை.

இதே எண்ணை இரண்டு விதமாகவும் சொல்லலாம், இரண்டும் உண்மை. ஆபத்து இரண்டு மடங்காகிறது. அதேசமயம் 100-ல் 94 அல்லது 95 குழந்தைகள் எந்தப் பெரிய பிறவிக் குறையும் இல்லாமல் பிறக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டாவது மட்டும் போதுமாயிருக்கிறது. முடிவெடுக்க உங்களுக்கு இரண்டும் வேண்டும். பிராட்ஃபோர்ட் ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. 34 வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாக்களின் குழந்தைகளுக்கும் ஆபத்து ஏறத்தாழ இதே அளவுக்குக் கூடியிருந்தது. முப்பத்தைந்தில் பிள்ளை பெறுகிறவரிடம் "பிள்ளை குறையோடதான் பிறக்கும்" என்று நாம் சொல்வதில்லையே.

உறவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு ஆபத்து. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் மேலே போட்ட கணக்கு அப்படியே இரட்டிக்கும், 32-ல் 1 என்பது 16-ல் 1 ஆகும். ஒன்றுவிட்ட உறவில், அதாவது தாத்தாக்கள் அண்ணன் தம்பிகளாக இருக்கும் உறவில், கூடுதல் ஆபத்து அத்தை மகன் உறவில் உள்ளதில் கால்பங்குதான். அத்தை மகன், மாமன் மகள் முறைப்படி கட்டிக்கொள்ளலாம், சித்தப்பா மகளோ பெரியம்மா மகனோ உடன்பிறப்பு என்பது நம் வழக்கம். மரபணுவுக்கு அந்த முறை தெரியாது. நான்கு உறவுக்கும் பங்கு ஒன்றே. உங்கள் தாத்தா பாட்டி உறவுக்குள் கட்டியதை நினைத்து நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவர்களும் அத்தை மகன், மாமன் மகள் உறவு என்றே வைத்தாலும், உங்கள் குழந்தைக்கு ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியிலும் வந்துசேரக்கூடிய மரபணுக்களின் பங்கு 6.25 சதவீதத்திலிருந்து சுமார் 7-க்குத்தான் போகிறது. அதைவிட முக்கியமாக வேறொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் உறவு உண்டா? நம் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சாதாரணம். அத்தையைக் கட்டியவரின் தங்கையையே உங்கள் அப்பா கட்டியிருந்தால், நீங்கள் இருவரும் இரண்டு பக்கமும் உறவு. அப்போது கணக்கு தாய்மாமன் திருமணத்துக்குச் சமமாகிவிடும்.

இதுவரை சொன்னது சராசரி. உங்களுக்கு வேண்டியது உங்கள் கணக்கு. மாப்பிள்ளையின் அக்காவுடைய காது கேளாமை மரபணுவால் வந்ததா என்பது இன்னும் தெரியாது. கர்ப்பத்தில் அம்மாவுக்கு ருபெல்லா என்ற தொற்று வந்திருந்தாலும், பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாகி இருந்தாலும் இப்படி ஆகலாம். ஆனால் பிறவிக் காது கேளாமையில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. அதிலும் பெரும்பகுதி நான் மேலே சொன்ன, இரண்டு பிரதியும் பழுதானால் வரும் வகை. நம் நாட்டில் கனெக்ஸின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் பழுது அடிக்கடி காணப்படும் ஒன்று. அக்காவுடையது இந்த வகை என்று வைத்துக்கொண்டால், உங்கள் அத்தை நிச்சயம் கேரியர். அவருடைய அண்ணனோ தம்பியோ ஆன உங்கள் அப்பா கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு, நீங்கள் 4-ல் 1. மாப்பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்பதால் அவர் கேரியராக இருக்க 3-ல் 2. இவற்றோடு 4-ல் 1 சேர, உங்கள் குழந்தைக்குக் காது கேளாமை வரும் வாய்ப்பு 24-ல் 1, சுமார் 4 சதவீதம். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இவ்வளவு.

இந்த 24-ல் 1 இப்படியே இருக்க வேண்டியதில்லை. ஒரு பரிசோதனைக்குப் பிறகு அது ஏறத்தாழ இல்லாமலே போகலாம், அல்லது 4-ல் 1 ஆகலாம். அதனால்தான் நீங்கள் இருவரும் நேராக லேபுக்குப் போய் ஏதோ ஒரு பேக்கேஜ் எடுக்காதீர்கள் என்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது காது கேளாத அக்காவின் மாதிரியை. அவரிடம் எந்த மரபணுவில் எந்தப் பழுது என்று தெரிந்துவிட்டால், உங்களிடமும் மாப்பிள்ளையிடமும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், விடை தெளிவாக வரும். அவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் சோதித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், பழுது இல்லையா, தேடிய இடத்தில் இல்லையா என்று சொல்ல முடியாது. இதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். "உன்னாலதான் இந்தக் கல்யாணம் நிக்குது" என்ற தொனி ஒரு துளி கலந்தாலும் அவருக்கு அது பெரிய அநியாயம். அவர் நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனக்கு இது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அவருடையது. அவர் வேண்டாம் என்றால் அதை மதித்துவிட்டு, உங்கள் அத்தையின் மாதிரியை வைத்து என்ன செய்யலாம் என்று ஆலோசகரிடம் கேளுங்கள். வழி சற்றுச் சுற்று, ஆனால் உண்டு.

ஆலோசனைக்குப் போனால் முதலில் ஊசி குத்த மாட்டார்கள், வெள்ளைக் காகிதத்தை எடுப்பார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவே ஒரு கோடு, உறவுக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறைக்காவது வரைய வேண்டும். "வீட்டில் யாருக்காவது ஏதாவது நோய் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றுதான் எந்த வீட்டிலும் பதில் வரும். "பாட்டிக்கு மொத்தம் எத்தனை பிரசவம், எத்தனை பேர் தங்கினாங்க" என்று கேட்டால்தான் பிறந்த மூன்றாம் நாள் போன குழந்தையும், வலிப்பு வந்து இரண்டு வயதில் போன குழந்தையும், நடக்காமலே இருந்து போன சித்தப்பாவும் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். அந்த நாளில் இவற்றுக்கெல்லாம் மாந்தம், சீர், காமாலை என்று ஏதோ ஒரு பெயர் இருந்தது. பிறந்து நன்றாகப் பால் குடித்து, சில நாளில் சோர்ந்துபோய் இறக்கும் குழந்தைகளில் ஒரு பகுதி, உடம்பின் ரசாயனப் பாதையில் ஒரு என்சைம் இல்லாமல் பிறந்தவை. அவையும் பெரும்பாலும் இரண்டு பிரதியும் பழுதான வகை. "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்ற கணக்கில் இறந்துபோனவர்கள் சேருவதில்லை. ஆகவே போவதற்கு முன் உங்கள் பாட்டியோடும், இல்லையென்றால் குடும்பத்தில் மூத்த ஒரு பெண்மணியோடும் ஒரு மதியம் உட்கார்ந்து இதை மெதுவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை தராததை அந்தக் காகிதம் சில நேரம் தந்துவிடும்.

உறவுத் திருமணத்தின் மேல் பழி விழுந்தாலும், அதனால் அதிகமாகாதவை சில உண்டு. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் அம்மாவின் வயதோடு தொடர்புடையது, உறவோடு அல்ல. ஒரே பிரதி பழுதானாலே வரும் நோய்கள் யாரைக் கட்டினாலும் அதே அளவுதான். ரத்தப் பிரிவு பற்றிய பயத்தையும் விடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பிரிவு என்பதால் குழந்தைக்குக் குறை வராது, வேறு வேறு பிரிவு என்பதால் உறவின் ஆபத்து குறையவும் செய்யாது. நீங்கள் நெகட்டிவ், அவர் பாசிட்டிவ் என்றால் மட்டும் கர்ப்பத்தின்போது மருத்துவரிடம் சொல்லி, ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "பிளட் குரூப் பார்த்துட்டோம், பொருத்தமா இருக்கு" என்று நிம்மதியாகி, அதற்கு மேல் ஒன்றும் பார்க்காமல் விட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பரிசோதனை நாம் பேசும் எதையும் சொல்லாது.

இனி சந்தேகத்துக்குரியவை. கருச்சிதைவு இதனால் கூடுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. குழந்தையின் அறிவுத்திறன், பெரிய வயதில் வரும் சர்க்கரை நோய், இதய நோய் பற்றி வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை; படிப்பு, வருமானம், உணவு இவற்றின் பங்கைத் தனியே பிரிப்பது கடினம். உங்கள் வீட்டார் சொல்லும் "நாலு தலைமுறை" வாதத்துக்கும் ஒரு விஞ்ஞான வடிவம் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் உறவுக்குள் கட்டிவந்த சமூகத்தில் மோசமான பழுதுகள் குழந்தைச் சாவுகளாகக் கழிந்து போயிருக்கும் என்ற கருத்து அது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் இருவரும் 1970-களில் வட ஆற்காடு பகுதியில் செய்த ஆய்வில், உறவுக்குள் கட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கருவிழப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு இதைக் காரணமாக முன்வைத்தார்கள். ஓரளவு நடந்திருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அப்போது பிரசவத்திலும் தொற்றுநோயிலும் இறந்த குழந்தைகளே அவ்வளவு பேர். அந்தக் கூட்டத்தில் மரபணு நோயால் இறந்த சிலர் கண்ணுக்குத் தெரியாமல் போவது எளிது. தவிர, கழிந்துபோனாலும் எல்லாம் கழியாது, புதிய பழுதுகளும் வந்துகொண்டே இருக்கும். காது கேளாமை போல உயிரைப் பறிக்காதவை கழியவே வழியில்லை. உங்கள் நாத்தனாரே அதற்குச் சாட்சியாக இருக்கலாம்.

"அப்படியானால் வெளியில் கட்டிவிட்டால் கவலையில்லையா" என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். ஆபத்து குறையும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் வெளியில் என்றாலும் பெரும்பாலும் அதே சாதிக்குள், அதிலும் சில ஊர்களுக்குள்தான் வரன் பார்க்கிறார்கள். சில நூறு அல்லது ஆயிரம் பேரிலிருந்து பெருகிய ஒரு சமூகத்தில், உறவே இல்லை என்று நினைக்கும் இருவர் பல தலைமுறைக்கு முந்தைய ஒரே மூதாதையின் பழுதைச் சுமக்கலாம். தெற்காசியாவில் 260-க்கு மேற்பட்ட சமூகக் குழுக்களின் மரபணுவை ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வில், 81 குழுக்களில் இந்தப் பாதிப்பு மரபியலாளர்கள் வழக்கமாக உதாரணம் காட்டும் பின்லாந்து மக்களையும், ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களையும் விட அதிகமாக இருந்தது. வைசியர் சமூகத்தில் ஒரு என்சைம் குறைபாடு கூடுதலாக இருப்பது பலகாலமாகத் தெரிந்த உதாரணம். அந்தக் குறைபாடு உள்ளவருக்கு அறுவைசிகிச்சையில் சக்ஸமெத்தோனியம் என்ற தசைத் தளர்த்தி மருந்து கொடுத்தால், சில நிமிடங்களில் தீர வேண்டிய தளர்வு மணிக்கணக்கில் நீளும். இது தெரிந்த மயக்க மருத்துவர்கள் முன்கூட்டியே கேட்டு வேறு மருந்துக்குப் போகிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் சுமார் 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை, நாட்டிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. மீதி 72 சதவீதத்தாரும் பரிசோதனையைப் பற்றி யோசிக்க வேண்டியவர்களே.

பரிசோதனையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். தலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்கள் இரண்டுக்கும் சாதாரண ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. பரிசோதனையும் போதும். நம் நாட்டில் 100-க்கு 3, 4 பேர் தலசீமியா கேரியர் என்பதால் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை எல்லோரும் எடுக்கலாம். மற்ற நோய்களுக்கு, இருவரின் மாதிரியையும் சேர்த்து நூற்றுக்கணக்கான மரபணுக்களில் பொதுவான பழுது உண்டா என்று தேடும் கேரியர் பரிசோதனையும், எக்ஸோம் பரிசோதனையும் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் எல்லையையும் தெரிந்துகொண்டு எடுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் ஆபத்து நன்றாகக் குறைந்தது என்று பொருள், இல்லவே இல்லை என்று பொருளல்ல. நோய் தருமா தராதா என்று இன்றைய அறிவில் சொல்ல முடியாத மாற்றம் என்றும் அறிக்கையில் எழுதிவரும். அதை வைத்து யாரும் கல்யாணத்தை நிறுத்தக்கூடாது. அறிக்கையை லேப் அனுப்பிய வாட்ஸ்அப்பில் படித்துப் புரிந்துகொள்ள முயலாமல், விளக்கிச் சொல்லத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியலுக்குத் தனித் துறையே உண்டு. சென்னை, கோவை, மதுரையின் பெரிய மருத்துவமனைகளிலும் மரபியல் ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

இருவரிடமும் ஒரே பழுது இருப்பதாகத் தெரிந்தாலும் வழி அடைபடாது. கர்ப்பத்தின் 11-ஆவது வாரம் முதல் நச்சுக்கொடித் திசுவையோ, 16-ஆவது வாரத்தையொட்டிப் பனிக்குட நீரையோ எடுத்து அந்த ஒரு பழுதைப் பார்க்கலாம். சிலர் சோதனைக் குழாய் முறையில் கருவைச் சோதித்த பிறகே கருப்பைக்குள் வைக்கிறார்கள். செலவு மிக அதிகம். காது கேளாமைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று முடிவெடுக்கும் தம்பதியரும் உண்டு, அது முழுக்க அவர்கள் உரிமை. அப்படி முடிவெடுத்தால் குழந்தை பிறந்த சில நாளிலேயே ஓ.ஏ.ஈ. என்ற செவித்திறன் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்து, உள்காதில் வைக்கும் செவிக்கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைசிகிச்சைக்கு இடமுண்டு. கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குவதும், 18 முதல் 20 வாரத்துக்குள் விரிவான ஸ்கேன் எடுப்பதும் எல்லோருக்கும் போல உங்களுக்கும் பொருந்தும். ஸ்கேனில் உறுப்புகளின் அமைப்புதான் தெரியும். காது கேட்குமா, என்சைம் இருக்கிறதா என்பது தெரியாது. ஸ்கேன் நன்றாக இருந்துவிட்டது என்று மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றை உங்கள் இரு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுங்கள். இந்த வகை நோய் வர இருவரின் பங்கும் சமமாக வேண்டும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. குறையோடு ஒரு குழந்தை பிறந்த பிறகு, அதுவரை சொந்த அத்தையாக இருந்தவர் மாமியாராக மாறி மருமகளை மட்டும் குற்றம் சொல்வதை என் அறைக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். உறவுக்குள் கட்டினால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் கட்டிவைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு அப்போதும் இருக்குமா என்று கல்யாணத்துக்கு முன்பே பேசிக்கொள்வதில் தவறில்லை.

பரிசோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆகும், அக்காவின் மாதிரியும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். தை முகூர்த்தத்துக்கு முன் கையில் கிடைக்க வேண்டுமானால் இந்த மாதமே ஆலோசனைக்கு நாள் வாங்குங்கள், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது நாத்தனாரின் பழைய செவிப் பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கண் பார்வை, தைராய்டு, சிறுநீரகம் பற்றி அவருக்கு வேறு தொந்தரவு ஏதும் உண்டா என்றும் கேட்டு வையுங்கள். காதோடு இவையும் சேர்ந்திருந்தால் தேட வேண்டிய மரபணு வேறு, நான் மேலே போட்ட கணக்கையும் ஆலோசகர் அதற்கேற்ப மாற்றிச் சொல்வார்.